தானியக் கிடங்கின் சாவியும் போலீஸ் ஸ்டேஷனும்

கேள்வி இதுதான்: போரில் அந்நியப் படை பிடித்து வைத்திருந்த ஒரு நாடு விடுபடும் நேரத்தில், அங்கே சமூகப் புரட்சி நடக்க உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா? இல்லை, மேலே வல்லரசுகள் பேசி முடித்ததைத்தான் கீழே இருப்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதா? கேட்டவர் இரண்டாம் உலகப் போரின் முடிவை மனதில் வைத்துக் கேட்கிறார். வியட்நாமில் நடந்தது கிரீஸில் ஏன் நடக்கவில்லை என்பது அவருடைய குழப்பம். நியாயமான குழப்பம்தான். இரண்டு நாட்டிலும் பஞ்சம் வந்தது. இரண்டிலும் கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய எதிர்ப்பு இயக்கம் இருந்தது. சொல்லப்போனால் கிரேக்க இயக்கம்தான் அதிக பலத்தோடு இருந்தது.

என் பதில்: வாய்ப்பு இருக்கிறது, நடந்தும் இருக்கிறது. ஆனால் அதற்குக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு. பழைய படை ஓய்ந்து, அடுத்த படை வந்து இறங்குவதற்கு நடுவில் சில வாரங்கள், சில ஊர்களில் சில நாட்கள். அந்த இடைவெளியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் இரண்டு இடங்களைத்தான் தேடிப் பார்ப்பேன். தானியக் கிடங்கின் சாவி யாரிடம் இருந்தது? போலீஸ் ஸ்டேஷனில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? கொடி, பிரகடனம், மந்திரிசபை எல்லாம் அப்புறம்.

சமூகப் புரட்சி என்ற சொல்லையும் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம். ஆள்கிற கை மாறினால் அது அரசியல் மாற்றம். நிலம் யாருடையது, விளைச்சலில் நிலக்கிழாருக்குக் கொடுக்கும் வாரம் எவ்வளவு, ஊர் வழக்கை யார் தீர்ப்பது, பெண்ணுக்கு அதில் பேச்சு உண்டா என்பவை மாறினால்தான் சமூகப் புரட்சி. துரை போய்ப் பண்ணையார் வந்து உட்கார்ந்தால் அது இந்தக் கணக்கில் சேராது.

அந்நியப் படையின் ஆக்கிரமிப்பு இதற்கு எப்படி வழி திறக்கிறது? சாதாரண காலத்தில் ஒரு அரசை எதிர்ப்பது மிகவும் கடினம். படை, போலீஸ், கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் என்று ஒன்றோடு ஒன்று கோத்து நிற்கும். அதைவிட முக்கியம், பெரும்பாலான மக்கள் அதை எடுத்துப்போட முடியாத ஒன்றாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். வெளிநாட்டுப் படை உள்ளே புகுந்ததும் அந்த நினைப்பு ஒரே வாரத்தில் போய்விடும். நேற்றுவரை கையைக் கட்டி நின்ற அதிகாரி இன்றைக்கு வேறொருவன் முன்னால் கையைக் கட்டி நிற்பதை ஊரே பார்க்கிறது. அவன் சொன்னபடி நெல்லைப் பறிக்கவும் ஆள் பிடிக்கவும் அதே அதிகாரிதான் வருகிறான். நிலக்கிழார் சிலர் அவனோடு சேர்ந்து சம்பாதிக்கிறார்கள். ஆக, படை வெளியேறும்போது நிர்வாகத்துக்கு அதிகாரம் மட்டும் போவதில்லை, முகமும் போய்விடுகிறது. இந்த வேலையைச் செய்ய எந்தப் புரட்சிக் கட்சிக்கும் தனியாகப் பல வருடம் ஆகியிருக்கும்.

வியட்நாமை எடுத்துக்கொள்வோம். 1940 முதல் ஜப்பான் படை அங்கே இருந்தது. ஆனால் பிரெஞ்சு நிர்வாகத்தை அது கலைக்கவில்லை. கவர்னர் முதல் கான்ஸ்டபிள் வரை பழைய ஆட்களே வேலை பார்த்தார்கள், ஜப்பானுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்தார்கள். வேண்டியதில் முதலாவது நெல். விளைந்ததில் இவ்வளவு என்று கணக்குப் போட்டு, அரசு சொன்ன அடிமாட்டு விலைக்கு விவசாயி கொடுத்தாக வேண்டும். நெல் விளைந்த நிலத்தில் சணலும் ஆமணக்கும் போடச் சொன்னார்கள். 1944இல் வடக்கே வெள்ளம் வந்து பயிர் போனது. தெற்கில் விளையும் நெல்லை வடக்கே கொண்டுவரும் ரயில் பாதையை அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு அறுத்திருந்தன. அந்தக் குளிர்காலத்திலும் 1945இன் தொடக்கத்திலும் வடக்கில் இருக்கும் டோங்கின் பகுதியில் பட்டினியால் செத்தவர்கள் 4 லட்சம் என்பவர்களும் உண்டு, 20 லட்சம் என்பவர்களும் உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. கிடங்கில் மூட்டை, சாலையோரத்தில் பிணம்.

1945 மார்ச் 9 இரவில் ஜப்பானியர்கள் திடீரென்று பிரெஞ்சுக்காரர்களையே பிடித்து அடைத்தார்கள். மூன்று தலைமுறையாக ஆண்ட நிர்வாகம் ஒரே இரவில் மறைந்தது. ஜப்பானின் தயவில் ஏப்ரலில் டிரான் ட்ரோங் கிம் என்ற கல்வியாளர் தலைமையில் ஒரு மந்திரிசபை அமைந்தது. நல்ல மனிதர்கள்தான், ஆனால் அவர்களிடம் படையும் இல்லை, போலீஸும் சொன்னபடி கேட்பதாக இல்லை. கிராமத்தில் யாருடைய அதிகாரமும் இல்லாத அந்த ஐந்து மாதத்தில் வியட்மின் (ஹோ சி மின் தலைமையில் கம்யூனிஸ்டுகள் நடத்திய விடுதலை முன்னணி) எடுத்த முழக்கம் சித்தாந்தமே இல்லாதது: கிடங்கை உடை, பஞ்சத்தைத் தீர். கிராமம் கிராமமாக ஜனங்களைத் திரட்டிக்கொண்டு போய் நெல் கிடங்குகளை உடைத்துப் பங்கிட்டார்கள்.

அன்றைக்குக் கட்சி உறுப்பினர்கள் நாடு முழுவதும் சுமார் 5,000 பேர்தான் என்று வியட்நாம் கம்யூனிஸ்ட் கட்சியின் வரலாறே சொல்கிறது. ஐயாயிரம் பேர் ஒரு நாட்டைப் பிடிக்க முடியாது. பட்டினி கிடந்தவன் கிடங்கை உடைத்துத் தன் பங்கைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோன அந்த நாளிலேயே ஊர்த்தலைவனின் அதிகாரம் முடிந்துவிட்டது. கட்சி வந்து அந்தக் காலி நாற்காலியில் ஒரு குழுவை உட்கார வைத்தது. வரிசை இதுதான் என்று நான் படிக்கிறேன். தலைகீழாகச் சொல்பவர்களும் உண்டு.

ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைந்தது. 17ஆம் தேதி ஹனோய் நாடகக் கொட்டகை முன்னால் அரசு ஊழியர்கள் கிம் மந்திரிசபைக்கு ஆதரவாக ஒரு கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்கு நடுவில் வியட்மின் ஆட்கள் மேடையைப் பிடித்துக்கொள்ள, வந்த கூட்டம் அப்படியே இவர்கள் பக்கம் சாய்ந்தது. 19ஆம் தேதி கவர்னர் மாளிகையும் காவல் படைக் கொட்டடியும் கைமாறின. ஊரில் இருந்த ஜப்பான் படை நினைத்திருந்தால் சுட்டுத் தள்ளியிருக்கலாம். தோற்றுப்போன படை யாருக்காகச் சுடும்? பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒதுங்கிக்கொண்டது. 23இல் ஹுவே, 25இல் சைகோன். 30ஆம் தேதி பேரரசர் பாவோ தாய் முடி துறந்தார். செப்டம்பர் 2இல் ஹோ சி மின் சுதந்திரத்தை அறிவித்தார். ஜப்பான் சரணடைந்ததற்கும் இதற்கும் நடுவில் பதினெட்டு நாள்.

ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்த தலைவரியைச் செப்டம்பரிலேயே ஒழித்தார்கள். நவம்பரில் குத்தகையில் 25 சதவீதம் குறைத்தார்கள். எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. நிலப் பறிமுதல் அப்போது நடக்கவில்லை. தேசபக்தியுள்ள நிலக்கிழாரையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் ஹோ கவனமாக இருந்தார். நவம்பரில் கம்யூனிஸ்ட் கட்சியே தன்னைக் கலைத்துக்கொண்டதாக அறிவித்தது, பெயருக்குத்தான். நிலச் சீர்திருத்தம் 1953க்குப் பிறகு வந்தது. அது கொடூரமாகப் போய், 1956இல் தவறு நடந்ததைக் கட்சியே ஒப்புக்கொண்டு, பொதுச் செயலாளர் ட்ருவோங் சின் பதவி விலக வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. 1945 அக்டோபரில், ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஊர்க் குழுக்களுக்கு ஹோ ஒரு கடிதம் எழுதுகிறார். குழு உறுப்பினர் அரசாங்கக் காரில் போகிறார், அப்புறம் அவர் மனைவி போகிறார், அப்புறம் பிள்ளைகளும் போகிறார்கள், இந்தச் செலவையெல்லாம் யார் கொடுப்பது என்று கேட்கிறார். புரட்சி உண்மையிலேயே நடந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஊர் அளவில் அதிகாரம் கைமாறாமல் கார் கைமாறாது.

ஆனால் இதே வியட்நாமில் தெற்கில் கதை வேறு. நேச நாடுகளின் போட்ஸ்டாம் மாநாட்டில் நாட்டை 16ஆம் அட்சக்கோட்டில் கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள். ஜப்பானியர்களிடம் ஆயுதம் வாங்க வடக்கே சீன தேசியப் படை, தெற்கே பிரிட்டிஷ் படை. வடக்கே வந்த சீனப் படை கிடைத்ததையெல்லாம் சுருட்டியது, பணத்தை அநியாய விலைக்கு மாற்றியது. ஆனால் பிரெஞ்சுக்காரர்களை உடனே திரும்பக் கொண்டுவருவதில் அதற்கு அக்கறை இல்லை. அதனால் ஹோவுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. சைகோனில் செப்டம்பரில் இறங்கியது ஜெனரல் கிரேசியின் 20ஆவது இந்திய டிவிஷன். அவர் சிறையில் இருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கு ஆயுதம் கொடுத்தார். செப்டம்பர் 23 அதிகாலையில் போலீஸ் ஸ்டேஷன்களும் அரசு அலுவலகங்களும் அவர்கள் கைக்குப் போயின. தோற்றுப்போன ஜப்பானியச் சிப்பாய்களையும் காவலுக்கும் சண்டைக்கும் பயன்படுத்தினார்கள். தெற்கில் ஒரு மாதம்கூடப் புரட்சி நீடிக்கவில்லை.

சைகோன் வியட்மின்னும் சுத்தமான கைகளோடு இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். நிலமும் தொழிற்சாலையும் உடனே மக்களுக்கு வேண்டும், வரும் பிரிட்டிஷ் படையை வரவேற்கக் கூடாது என்று சொன்ன டிராட்ஸ்கியவாதிகள் (ஸ்டாலினை எதிர்த்த கம்யூனிஸ்டுகள்) அந்த ஊரில் பலமாக இருந்தார்கள். அவர்களைத் தேடித் தேடித் தீர்த்துக்கட்டினார்கள். அவர்களில் முக்கியமானவரான தா து தாவ் செப்டம்பரில் குவாங் ங்காயில் கொல்லப்பட்டார்.

இனி கிரீஸ். இங்கே எல்லாமே இன்னும் பெரிய அளவில் இருந்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மானியர்கள் வந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் விழுந்து செத்தார்கள். தானியத்தை ஆக்கிரமிப்புப் படை எடுத்துக்கொண்டது, கடல் வழியை பிரிட்டன் முற்றுகை போட்டு அடைத்திருந்தது. 1941 செப்டம்பரில் தொடங்கிய தேசிய விடுதலை முன்னணி (ஈ.ஏ.எம். என்பார்கள்) முதலில் பிடித்ததும் சோற்றுப் பிரச்சினையைத்தான். நகரத்தில் பொதுச் சமையல், வேலைநிறுத்தம். ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்கும் திட்டத்தை 1943இல் தெருவில் இறங்கியே நிறுத்தினார்கள். மலைகளில் அவர்களுடைய படை எலாஸ். பெரும்பகுதி கிராமங்கள் 1943, 44இலேயே அவர்கள் நிர்வாகத்தில்தான் இருந்தன. ஊர் மக்களே தேர்ந்தெடுத்த நீதிமன்றம், ஊர்ப் பள்ளிக்கூடம், ஊர்க் காவல். 1944 மார்ச்சில் மலையிலேயே ஒரு அரசை அமைத்தார்கள். அதன் தேசிய மன்றத்துக்கு நடந்த தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள், நிற்கவும் செய்தார்கள். பெண்களுக்கு முழு வாக்குரிமையை கிரேக்க அரசு சட்டமாகக் கொடுத்தது 1952இல்தான். ஆக, சமூகப் புரட்சி மலையில் நடந்து முடிந்திருந்தது என்றே சொல்லலாம்.

அப்புறம் ஏன் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை?

வழக்கமாகச் சொல்லும் பதில் ஒரு காகிதத் துண்டு. 1944 அக்டோபர் 9 இரவில் மாஸ்கோவில் சர்ச்சில், எந்த நாட்டில் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று ஒரு தாளில் எழுதி ஸ்டாலினிடம் நீட்டினார். ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம், கிரீஸில் பிரிட்டனுக்கு 90 சதவீதம், யூகோஸ்லாவியாவில் ஆளுக்குப் பாதி. ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு டிக் போட்டுக் கொடுத்தார். கேட்க நன்றாக இருக்கும் கதை, நடந்ததும்கூட. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினால், அதே தாளில் பாதிக்குப் பாதி என்று எழுதிய யூகோஸ்லாவியாவில் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோ முழுவதையும் எடுத்துக்கொண்டதை எப்படி விளக்குவது? தாளில் இருந்தது ஆசை. தரையில் யார் நின்றார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

தரையில் நடந்தது இது. 1944 மே மாதம் லெபனானில் நடந்த மாநாட்டில் ஈ.ஏ.எம். வெளிநாட்டில் இருந்த அரசோடு சேர ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 26இல் இத்தாலியின் கசெர்டாவில் போட்ட ஒப்பந்தத்தில் எலாஸ் படையை பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்கோபியின் கட்டளையின் கீழ் வைத்தார்கள். அதாவது அந்த மாஸ்கோ தாளுக்கு முன்பே. அக்டோபர் 12இல் ஜெர்மானியர்கள் ஏதென்ஸை விட்டுப் போனார்கள். எலாஸ் நகருக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கலாம், தடுக்க ஆளில்லை. ஒப்பந்தத்தை மதித்து வெளியிலேயே நின்றது. அடுத்த ஓரிரு நாளில் பிரிட்டிஷ் படை இறங்கியது. 18ஆம் தேதி வெளிநாட்டில் இருந்த அந்த அரசு, பிரதமர் பப்பாண்ட்ரேயு தலைமையில், வந்து சேர்ந்தது. மூன்று வருடம் கட்டியதை ஒரு வாரம் காத்திருந்து கொடுத்தார்கள்.

நகரத்தில் போலீஸ் ஸ்டேஷன் யாரிடம்? ஆக்கிரமிப்புக் காலத்தில் அதில் உட்கார்ந்திருந்தவர்களிடமேதான். ஜெர்மானியர்களோடு சேர்ந்து எலாஸை வேட்டையாடிய பாதுகாப்புப் பட்டாளங்களின் ஆட்களை ஒரு கொட்டடியில் அடைத்தார்கள், தண்டிக்கவில்லை. தானியம் யாரிடம்? பிரிட்டிஷ் கப்பல்களில். பழைய டிராக்மா 5,000 கோடிக்குப் புதிய டிராக்மா ஒன்று என்று நவம்பரில் மாற்ற வேண்டிய அளவுக்குப் பணம் செத்துப்போயிருந்த ஊரில், கப்பலில் கோதுமை வைத்திருப்பவன்தான் அரசாங்கம். மலையில் ஒரு வருடம் கம்பீரமாக ஆண்டவர்களுக்கு ஏதென்ஸில் ஒரு வேளை ரொட்டி கொடுக்க வழியில்லை.

டிசம்பர் 2இல், எலாஸ் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும் என்ற தகராறில் ஈ.ஏ.எம். மந்திரிகள் பதவி விலகினார்கள். 3ஆம் தேதி ஏதென்ஸின் சின்டாக்மா சதுக்கத்தில் ஊர்வலம். போலீஸ் சுட்டது. இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அதன்பின் முப்பத்துச் சொச்சம் நாள் நகருக்குள் சண்டை. கைப்பற்றிய நகரத்தில் உள்ளூர்க் கலகம் நடந்தால் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படி நடந்துகொள்ளத் தயங்காதீர்கள் என்று சர்ச்சில் ஸ்கோபிக்குத் தந்தி கொடுத்தார். ஹிட்லரோடு போர் முடியாத நேரத்தில், ஹிட்லரை எதிர்த்த நகரத்தின் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் சுட்டன. கொட்டடியில் அடைத்திருந்த பட்டாளத்து ஆட்களை வெளியே எடுத்து, சீருடை மாட்டி, எலாஸுக்கு எதிராக இறக்கினார்கள். பிப்ரவரி 12, 1945இல் வார்கிசா என்ற இடத்தில் எலாஸ் ஆயுதத்தை ஒப்படைத்தது. அதன்பிறகு கிராமங்களில் நடந்தது பழிவாங்கல். எலாஸின் புகழ்பெற்ற தளபதி அரிஸ் வெலுச்சியோடிஸ் கட்சி கைவிட்ட நிலையில் ஜூனில் செத்தார். அவர் தலையை திரிகலாவில் விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். 1946இல் உள்நாட்டுப் போர் மறுபடி தொடங்கி 1949வரை போனது. அதற்குள் காலம் தாண்டிவிட்டது.

ஏதென்ஸில் சண்டை போட்ட பிரிட்டிஷ் படையில் 4ஆவது இந்திய டிவிஷனும் இருந்தது. சைகோனில் 20ஆவது டிவிஷன், ஜாவாவின் சுரபயாவில் 5ஆவது. சுதந்திரத்துக்காகக் கத்திக்கொண்டிருந்த ஒரு நாட்டின் சிப்பாய்களைக் கொண்டே இத்தனை ஊர்களில் பழைய ஆட்சியைத் திரும்ப உட்கார வைத்தார்கள். நேரு இதைக் கண்டித்துப் பேசினார். 1945 அக்டோபர் 25ஐ தென்கிழக்காசிய நாளாக காங்கிரஸ் அனுசரித்தது. பள்ளிப் பாடத்தில் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

வியட்நாம் வேறு, கிரீஸ் வேறு, ஒப்பிட முடியாது என்று யாராவது சொன்னால் கொரியாவைக் காட்டுவேன். ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே ஆக்கிரமிப்பாளன், ஒரே தேதி. ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தது போல இருக்கும்.

1945 ஆகஸ்ட் 15 காலையிலேயே ஜப்பானிய கவர்னர் ஜெனரலின் ஆட்கள் யோ உன்-ஹ்யோங் என்ற தலைவரைக் கூப்பிட்டு, ஊரில் அமைதி காக்க உதவி செய்யுங்கள் என்று கேட்டார்கள். ஜப்பானியர்கள் உயிரோடு ஊர் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கவலை. அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு உணவு உத்தரவாதம் வேண்டும் என்று யோ நிபந்தனை வைத்தார். முதல் நாளே அரிசியைக் கேட்ட ஆள். ஆகஸ்ட் முடிவதற்குள் 145 ஊர்களில் குழுக்கள். அப்புறம் அவையே மக்கள் குழுக்களாயின. சிறையிலிருந்து வந்தவர்கள், வாத்தியார்கள், விவசாயிகள் சேர்ந்து நெல் கணக்கைப் பார்த்தார்கள், காவல் பார்த்தார்கள். நிலத்தில் பாதிக்குப் பாதி வாரம் கொடுத்துக்கொண்டிருந்த நாடு அது. செப்டம்பர் 6இல் கொரிய மக்கள் குடியரசு என்று அறிவித்தார்கள்.

8ஆம் தேதி தென்பாதியை எடுத்துக்கொள்ள அமெரிக்கப் படை இன்சோனில் இறங்கியது. வரவேற்கப் போன கொரியர்கள்மேல் ஜப்பானியப் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அமெரிக்கத் தளபதி ஜெனரல் ஹாட்ஜ் மக்கள் குடியரசை ஏற்கவில்லை. ஜப்பானிய அதிகாரிகளையே கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி, ஊரே கொதித்ததும் அதைக் கைவிட்டார். ஆனால் ஜப்பானிடம் வேலை பார்த்த கொரியப் போலீஸை அப்படியே வைத்துக்கொண்டார். குத்தகையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து ஒரு உத்தரவும் போட்டார். நல்ல உத்தரவு, அதை அமல்படுத்த வேண்டியவர்கள் யார் என்பதுதான் பிரச்சினை. அரிசி விற்பனையைக் கட்டுப்பாடில்லாமல் விட்டதும் பதுக்கலில் விலை எகிறியது. கொஞ்ச மாதத்தில் மறுபடி கட்டாயக் கொள்முதல் வந்தது. நெல்லைக் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்தவர்கள், ஜப்பான் காலத்தில் வந்த அதே போலீஸ்காரர்கள். 1946 அக்டோபரில் தேகுவில் தொடங்கிய கலவரத்தில் ஜனங்களின் கோபம் முதலில் பாய்ந்தது போலீஸ் ஸ்டேஷன்கள்மேல்தான் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வடக்கே சோவியத் படை அதே மக்கள் குழுக்களைக் கலைக்காமல், தனக்கு வேண்டிய ஆட்களை மேலே வைத்து நடத்தியது. 1946 மார்ச் 5இல் நிலச் சட்டம். சில வாரங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலம் போனது. நிலக்கிழார்கள் தெற்கே ஓடினார்கள். அது முழுக்க மக்கள் புரட்சியா, டாங்கியில் வந்த புரட்சியா என்றால், இரண்டும் கலந்தது. ஊர்க் குழுக்கள் ஏற்கெனவே இல்லாமல் இருந்திருந்தால் அவ்வளவு வேகத்தில் நிலம் பிரித்திருக்க முடியாது. சோவியத் படை இல்லாமல் இருந்திருந்தால் மேலே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பது வேறு. கிம் இல் சுங்கின் பரம்பரை ஆட்சிதான் அதன் பின்விளைவு. இன்னொன்று, தெற்கும் 1950இல் நிலத்தைப் பிரிக்க வேண்டியதாயிற்று. வடக்கில் பிரித்தபிறகு தெற்கில் பிரிக்காமல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தோற்ற புரட்சியும் சில சமயம் பாதி வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

பிரான்சையும் இத்தாலியையும் நான் இந்த வரிசையில் அதிகம் பேசமாட்டேன். அங்கே நேச நாட்டுப் படை கூடவே வந்துவிட்டது, இடைவெளியே இல்லை. ஒரே அரசு, ஒரே படை, ஒரே போலீஸ் என்று பிரெஞ்சு கம்யூனிஸ்ட் தலைவர் தொரேஸே சொல்லி மக்கள் காவல் படைகளைக் கலைக்க வைத்தார். அந்தக் காலத்திலேயே பெண்களுக்கு வாக்குரிமை, ரெனோ கம்பெனி தேசியமயம், சமூகக் காப்பீடு எல்லாம் வந்தன. சின்ன விஷயமில்லை. யூகோஸ்லாவியாவும் அல்பேனியாவும் மறுமுனை. அங்கே சொந்தப் படைதான் பெரும்பாலும் சண்டை போட்டு ஊர்களைப் பிடித்தது. அல்பேனியாவுக்குள் விடுவிக்க என்று எந்த வெளிநாட்டுப் படையும் வரவில்லை. டிட்டோவுக்கு பெல்கிரேடைப் பிடிக்க சோவியத் செம்படை உதவியது, உதவிவிட்டு ஹங்கேரிப் பக்கம் போய்விட்டது. வந்த விருந்தாளி தங்கவில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

இடதுசாரிகளிடையே ஒரு பழைய சண்டை உண்டு. தலைவர்கள் காட்டிக்கொடுத்ததால்தான் கிரீஸும் இத்தாலியும் போயின என்பார்கள் ஒரு தரப்பினர். வல்லரசுகள் விட்டிருக்க மாட்டா, வீணாக ரத்தம் சிந்தாமல் காப்பாற்றினார்கள் என்பார்கள் மறு தரப்பினர். எனக்கு இரண்டும் முழுதாகச் சரியாகப் படவில்லை. சைகோனில் யாரும் காத்திருக்கவில்லை, ஆட்சியைப் பிடித்தார்கள், பிரிட்டிஷ் படை வந்து பறித்துக்கொண்டது. ஆக, துணிச்சல் மட்டும் போதாது. ஆனால் ஏதென்ஸில் அந்த ஒரு வாரத்தில் எலாஸ் உள்ளே நுழைந்திருந்தால், டிசம்பரில் பேச்சுவார்த்தையாவது வேறு இடத்திலிருந்து தொடங்கியிருக்கும். ஆட்சியில் இருப்பவனை இறக்குவதற்கும் வாசலில் நிற்பவனைத் தள்ளிவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. வியட்நாமியர்கள் அந்தப் பதினெட்டு நாளில் எடுத்ததை விட்டுக்கொடுக்காமல் இருக்க முப்பது வருடம் போர் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் கூடவே எழுதிவைக்க வேண்டும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது, யாரும் இந்தக் கேள்வியில் அதைச் சேர்ப்பதில்லை: மலாயா. 1945 ஆகஸ்ட் நடுவில் ஜப்பான் சரணடைந்தது. பிரிட்டிஷ் படை பினாங்கில் இறங்கியது செப்டம்பர் 3இல், சிங்கப்பூரில் 5இல். நடுவில் மூன்று வாரம். காட்டிலிருந்து மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படை இறங்கி வந்து ஊர் ஊராக நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. ஜப்பானுக்கு உளவு சொன்னவர்களுக்குத் தெருவிலேயே விசாரணை, தெருவிலேயே தண்டனை. ஆயுதமும் இருந்தது, காலியான நாற்காலியும் இருந்தது. ஆனாலும் புரட்சி நடக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள், காட்டிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். ஜொகூரில் பத்து பகாட், மூவார் பக்கங்களில் கணக்குத் தீர்ப்பது இனக் கலவரமாக மாறியது. நாட்டின் அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வர வேண்டும், மூன்றரை வருடமாக மரவள்ளிக்கிழங்கு தின்ற ஜனம். உடைக்கக் கிடங்கே இல்லை. கப்பலைக் கொண்டுவரக்கூடியவன் பிரிட்டிஷ்காரன். வந்ததும் அவன் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு செல்லாது என்று அறிவிக்க, கையில் இருந்த காசும் காகிதமானது. எல்லாவற்றுக்கும் மேல், கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் லாய் டெக் பிரிட்டிஷாருக்கும் ஜப்பானியருக்கும் மாறி மாறி உளவு சொன்ன ஆள். ஆகஸ்டில் அவர் கொடுத்த எட்டு அம்சத் திட்டத்தில் குடியரசு என்ற பேச்சே இல்லை. டிசம்பர் 1இல் படை கலைந்தது, ஆளுக்கு 350 டாலர். 1947இல் லாய் டெக் கட்சிப் பணத்தோடு காணாமல் போனார்.

தோட்டத் தமிழர்கள் அந்த மூன்று வாரத்தில் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், பல பேர் சயாம் மரண ரயில் பாதையிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்கள் சீருடையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய எழுச்சி கொஞ்சம் தாமதமாக வந்தது. ஜப்பான் காலத்தில் ஓடிப்போன வெள்ளைத் துரைமார்கள் திரும்பி வந்து பழையபடி நடக்கப் பார்த்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிய தலைமுறை இறங்க மறுத்தது. 1946, 47இல் கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. அவர்கள் முதலில் போய் நின்றது கள்ளுக்கடை வாசலில். கள்ளுக்கடை என்பது தோட்டத்தில் கூலி திரும்பத் துரையிடமே போகும் வழி. அதை அடைப்பது குத்தகையைக் குறைப்பதற்குச் சமம். கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தங்கள் கூடவே வந்தன, போலீஸும் வந்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி கொடுத்து, பின் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரான எஸ். ஏ. கணபதி, 1948 ஜூனில் அவசரநிலை அறிவித்தபின் துப்பாக்கி வைத்திருந்தார் என்று பிடிபட்டார். 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். முதல் நாள்தான் அவருடைய தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஜப்பானியப் படை போய் மூன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது.